அந்தக் கார்னர் அண்ணன் பேரு என்ன?

உங்க ஊர்ப் பக்கம் கபடிப் போட்டி நோட்டீஸ் பார்த்திருப்பீங்க. மேலே சாமி படம். அதுக்குக் கீழே கை கூப்பி நிக்கிற நாலஞ்சு பேர் போட்டோ. முதல் பரிசுல இருந்து நாலாம் பரிசு வரைக்கும் தொகை, அதைக் கொடுக்கிறவங்க பேர். சில ஊர்ல பணத்தோட ஒரு ஆட்டுக்கிடாவும் உண்டு. கடைசியில பொடி எழுத்துல விதிமுறைகள். நடுவர் தீர்ப்பே இறுதியானது. ஆதார் அட்டை கட்டாயம். அதுக்குப் பக்கத்துல ஒரு வரி இருக்கும்: 'ஒரு அணியில் 2 வெளியூர் வீரர்களுக்கு மட்டுமே அனுமதி.' சில நோட்டீஸ்ல 3 பேர்னு இருக்கும். சிலதுல அந்த வரியே இருக்காது. அப்படீன்னா ஏழு பேரும் வெளியூர்க்காரங்களா இருந்தாலும் யாரும் கேட்க மாட்டாங்க.

அந்த ஒரு வரியைப் பத்தித்தான் எழுதப் போறேன். கபடி பிடிக்காதவங்களும் கொஞ்சம் பொறுத்து வாசிங்க. இது முழுக்கக் கபடி சமாச்சாரம் மட்டும் இல்லை.

எனக்கு நார்த்தாமலை. புதுக்கோட்டையில இருந்து திருச்சி போற வழியில வரிசையா மொட்டைப் பாறைக் குன்றுகள் தெரியுமே, அதுதான். பங்குனியில முத்துமாரியம்மன் தேருக்கு வந்திருப்பீங்க, இல்லைன்னா மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரம் முன்னாடி போட்டோ எடுத்திருப்பீங்க. எங்க களம் மலையடிவாரத்துல. மண்ணுல சின்னச் சின்னப் பாறைச் சில்லு கலந்து கிடக்கும். ஆட்டத்துக்கு முந்தின நாள் நாலு பேர் உட்கார்ந்து கல் பொறுக்கினாத்தான் முழங்கை தப்பும். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்னு கயிறு பிடிச்சு அளந்து, சுண்ணாம்புத் தூள்ல கோடு போடுவோம்.

எங்க டீமுக்குப் பெரிய வரலாறு கிடையாது. பக்கத்து ஊர்கள்ல போட்டின்னா போவோம், பெரும்பாலும் முதல் சுற்றுல தோத்துட்டு, மத்தவங்க ஆடுறதை விடிய விடியப் பார்த்துட்டு வருவோம். காரணம் திறமை இல்லாதது மட்டும் இல்லை. எங்க ஊர்ல ஒருத்தன் நல்லா ஆட ஆரம்பிக்கிற வயசும் அவன் ஊரை விட்டுக் கிளம்புற வயசும் ஒண்ணு. எங்க நல்ல ரைடர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாரு. ரைட் கார்னர் சிங்கப்பூர். கேப்டன் அண்ணன் மட்டும் லோடு வண்டி ஓட்டிக்கிட்டு ஊரோட இருக்காரு. மிச்சம் இருக்கிறது பிளஸ் டூ படிக்கிற பயலுகளும், என்னை மாதிரி சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வர்ற காலேஜ் ஆளுகளும். வெளியூர் ஆளைக் கூப்பிடுற பேச்சு இந்த ஓட்டையில இருந்துதான் கிளம்புது. காசுத் திமிருல இல்லை.

அந்தப் பயலுகள்ல ஒருத்தன் என் சித்தப்பா மகன். லெஃப்ட் கார்னர். ஒல்லிப்பய, ஆனா கால்பிடி போட்டான்னா எழுந்திரிக்க முடியாது. எதிராளி போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைக்கணும், இன்னொரு கால் அந்தரத்துல இருக்கணும். அந்த அரை நொடிக்காகத்தான் ஒரு கார்னர் ஆட்டம் பூரா காத்திருப்பான். முன்னாடியே பாய்ஞ்சா ரைடர் தாண்டிப் போயிருவான், லேட்டா பாய்ஞ்சா மூஞ்சியில மண்ணு. இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு தெரியுமா? சேலம் பக்கத்துல இருந்து கிரஷர் வேலைக்கு வந்த ஒரு அண்ணன். ரெண்டு வருஷம் எங்க ஊர்ல வாடகைக்கு இருந்தாரு. வேலை முடிஞ்சு தலையெல்லாம் கல்தூசியோட நேரா களத்துக்கு வருவாரு. எங்க டீமுக்காக ஆடுனது நாலஞ்சு போட்டிதான். ஆனா சாயங்காலம் சாயங்காலம் இவனைக் கூப்பிட்டு, "பாயாதடா, கால் எப்ப எந்திரிக்குதுன்னு பாரு"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாரு. அவரும் வெளியூர் ஆள்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கோடை லீவு. தொடர்ந்து மூணு போட்டியில முதல் சுற்றோட திரும்பியிருந்தோம். கேப்டன் அண்ணன் கூட்டம் போட்டாரு. "தோத்துக்கிட்டே இருந்தா இந்தச் சின்னப் பயலுகளும் நாளைக்குக் களத்துக்கு வர மாட்டானுங்க. ஊர்ல நன்கொடை கேட்கப் போனா மூஞ்சியத் திருப்புறாங்க. ஒரு தடவை கப்பு வாங்கிட்டு வந்துட்டோம்னா எல்லாம் மாறும்"னாரு. அவர் சொன்னதுல பொய் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் மூணு பேர் இருக்காங்க, ஆளுக்கு 3,000, போக்குவரத்து நம்ம செலவுன்னு பேசி முடிச்சாங்க. கையைத் தூக்குங்கன்னப்போ நானும் தூக்கினேன். கணக்கு நோட்டு என் கையில. அதுல எழுதினதும் நான்தான்.

அந்த மூணு பேர்ல ஒருத்தர் லெஃப்ட் கார்னர்.

சும்மா சொல்லக் கூடாது, என்னா ஆட்டம்! எங்க ஊர் ஜெர்சியில அப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. அரையிறுதியில ரெண்டு தடவை லோனா எடுத்தோம். மைக்ல எங்க ஊர் பேரைச் சொல்லும்போதெல்லாம் உடம்பு சிலிர்த்துச்சு. ஃபைனல்ல தோத்தோம், ரெண்டாம் பரிசு, 15,000. விடியக்காலை மூணு மணிக்கு அந்த மூணு பேரும் பணத்தை எண்ணி வாங்கிட்டு, அவங்க வண்டியிலயே கிளம்பிட்டாங்க. அடுத்த நாள் வேற ஊர்ல மேட்ச் இருந்துச்சு.

மறுநாள் கணக்கு எழுதினேன். ப்ளேயர் மூணு பேர் 9,000. வண்டி 2,500. சாப்பாடு 1,800. நுழைவுக் கட்டணம் 500. கையில நின்னது 1,200 ரூபாய்.

சித்தப்பா மகன் பக்கத்துல உட்கார்ந்து நோட்டை எட்டிப் பார்த்தான். ராத்திரி பூரா ஜெர்சி மேல துண்டைப் போட்டுக்கிட்டுக் கோட்டுக்கு வெளிய உட்கார்ந்திருந்தவன். ஒரு நிமிஷம்கூட இறக்கி விடலை. கோபமா ஏதாவது சொல்லுவான்னு நினைச்சேன். அவன் கேட்டது இதுதான்: "அண்ணே, அந்தக் கார்னர் அண்ணன் பேரு என்ன? ரெண்டாவது மேட்ச்ல ஒரு பிடி போட்டாருல்ல, எப்படிப் போட்டாருன்னு கேட்கணும்."

எனக்குத் தெரியலை. கேப்டனுக்கும் தெரியலை. மூணு பேரையும் பேசிவிட்ட ஆளோட நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. அடுத்த வாரத்துல இருந்து தம்பி களத்துக்கு வர்றது குறைஞ்சது. ஆடி மாசம் வர்றதுக்குள்ள நின்னே போச்சு.

இதோட நிறுத்தினா நான் நல்லவன் மாதிரி இருக்கும். மிச்சத்தையும் சொல்லிடுறேன். காலேஜ் சேர்ந்த முதல் வருஷம் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் அவங்க ஊர்ப் போட்டிக்குக் கூப்பிட்டான். "கவர்ல ஒரு ஆள் குறையுதுடா, 700 ரூபாய், பிரியாணி." போனேன். மைக்ல வேற ஒருத்தன் பேரைச் சொல்லி என்னை அறிவிச்சாங்க. ரெண்டு மேட்ச் ஆடினேன். பரவாயில்லாம ஆடினேன். இடைவேளையில தண்ணி கேட்டப்போ கேனைத் தூக்கிட்டு ஒரு பையன் வந்தான். மடிப்பு கலையாத ஜெர்சி, முழங்கால்ல பேண்டேஜ்கூடச் சுத்தி ரெடியா இருந்தான். என் இடம் அவனோடதுன்னு யாரும் எனக்குச் சொல்லணும்னு இல்லை. தண்ணியைக் குடிச்சிட்டு உள்ள போயிட்டேன். அவன் பேரை நானும் கேட்கலை.

அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல போய் நிக்கிற இடம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தமிழ் தலைவாஸ். 2017ல ப்ரோ கபடியோட அஞ்சாவது சீசன்ல அந்த அணி வந்தப்போ கேப்டன் அஜய் தாக்கூர், இமாச்சலப் பிரதேசத்துக்காரர். அன்னைல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு ஏலத்துக்கும் நம்ம ஹாஸ்டல் டிவி ரூம்ல ஒரே சண்டை: தமிழ்னு பேரு, தமிழ்ப் பசங்க எங்கடா? நானும் அந்தக் கட்சியிலதான் கத்திக்கிட்டு இருந்தேன். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. 2016ல, நாலாவது சீசன்ல, பாட்னா அணி கோப்பை வாங்கினப்போ அதுக்குக் கேப்டன் யாரு? நம்ம தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயசைத் தாண்டின தமிழ்நாட்டு ஆள் ஒருத்தர் பீகார் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்கிறாருன்னு நாம விசில் அடிச்சோம். பாட்னாவுலயும் ஒரு பையன் பெஞ்சுல உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பான் இல்லையா?

தலைவாஸ் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சது 2022, ஒன்பதாவது சீசன். பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே காயம், அந்த சீசன் பூரா அவர் இல்லை. அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு எல்லாரும் எழுதிட்டாங்க. அப்புறம் நரேந்தர்னு ஒரு புதுப்பையன், முதல் சீசன் ஆடுறவன், ரைடுக்குப் போக ஆரம்பிச்சான். 200 புள்ளிக்கு மேல எடுத்தான். அந்த அணி முதல் தடவையா ப்ளே ஆஃப் போய், அரையிறுதி வரைக்கும் ஆடிச்சு. பவனுக்குக் காயம் படாம இருந்திருந்தா நரேந்தருக்கு அத்தனை ரைடு கிடைச்சிருக்குமாங்கிறது எனக்குப் பெரிய சந்தேகம். ஒண்ணைக் கவனிங்க, நரேந்தரும் தமிழ்நாட்டுப் பையன் இல்லை. நாம 'உள்ளூர் ஆள்'னு சண்டை போடுறப்போ ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஊர்க்காரனாங்கிறது ஒண்ணு. வளர்ற பையனுக்கு ஆட நிமிஷம் கிடைக்குதாங்கிறது வேற ஒண்ணு.

டேக்கிள் வீடியோ தேடப் போய் யூடியூப்ல ரக்பி லீக் பக்கம் விழுந்தேன். அணிக்கு 13 பேர், பந்தைப் பின்பக்கமாத்தான் பாஸ் பண்ணணும், ஆறு தடவை பிடிச்சு விழத்தாட்டினா பந்து எதிரணிக்குப் போயிரும். பந்தை எடுத்துட்டா முக்கால்வாசி நம்ம கபடிதான். அதுல சிட்னியோட மேற்குக் கோடியில பென்ரித்னு ஒரு ஏரியா. அந்த ஏரியா அணி 2021, 2022, 2023, 2024னு தொடர்ந்து நாலு வருஷம் ஆஸ்திரேலிய லீக்கோட சாம்பியன். அணியோட தூண்கள்ல பல பேர், ஜரோம் லுவாய், பிரையன் டோஓ மாதிரி ஆளுங்க, அதே வட்டாரத்துச் சின்ன கிளப்புகள்ல சிறு பையன்களா ஆடி வந்தவங்க. அங்க ஒவ்வொரு அணியும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு உச்சவரம்பு இருக்கு. அதனால ஜெயிக்க ஜெயிக்க இவங்க ஆளுகளை மத்த கிளப்புகள் அதிகச் சம்பளம் சொல்லித் தூக்கிட்டுப் போறாங்க. லுவாயும் 2024 கோப்பையோட கிளம்பி வேற அணிக்குப் போயிட்டாரு. நாலு வருஷமும் இப்படி வருஷா வருஷம் ஆள் போயிக்கிட்டே இருந்திருக்கு, அந்த இடத்துக்குக் கீழே இருந்து ஒரு பையன் வந்துக்கிட்டே இருந்திருக்கான். திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஆளை அனுப்புற எங்க டீமுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேற எங்க கிடைக்கும்?

ஆனா பென்ரித்தும் வெளியாளே வேண்டாம்னு கதவைச் சாத்தலை. ஜேம்ஸ் ஃபிஷர் ஹாரிஸ்னு ஒரு முரட்டு ஆள், நியூசிலாந்துல பிறந்தவர். சின்ன வயசுலயே அங்க வந்து சேர்ந்து, 2016ல முதல் ஆட்டம் ஆடி, 2024 வரைக்கும் அந்த நாலு கோப்பையிலயும் இருந்தாரு. அவரைப் பத்திப் படிச்சப்போ எனக்கு எங்க கிரஷர் அண்ணன்தான் ஞாபகம் வந்தாரு.

இப்ப என் கருத்தைச் சொல்லிடுறேன், அடிக்க வராதீங்க. வெளியூர் ஆள் வர்றதுல எனக்குப் பிரச்சினை இல்லை. அப்படிப் பார்த்தா எங்க ஊரே வெளியாள் போட்ட ஊர். சோழர் காலத்துல ஐந்நூற்றுவர்ங்கிற வணிகக் குழு புழங்கின நகரம் இது. நகரத்தார்மலைதான் நார்த்தாமலைன்னு திரிஞ்சுதுன்னு சொல்லுவாங்க. மேலமலைக் கோயில்லயே ஒரு கல்வெட்டு இருக்கு: கட்டினவர் ஒருத்தர், மழையில இடிஞ்சதைச் சரி பண்ணினவர் வேற ஒருத்தர். அதனால 'நம்ம ஊர் நம்ம ஆளுக்கே'ங்கிற கோஷம் எனக்கு ஒட்டாது. என் கேள்வி ஒண்ணுதான். வர்ற ஆள் நம்ம களத்துல கல் பொறுக்குவாரா? மேட்ச் அன்னைக்கு ராத்திரி இறங்கி, விடியிறதுக்குள்ள பணத்தோட போற ஆள், எவ்வளவு பெரிய ஆட்டக்காரரா இருந்தாலும், ஒரு பையனோட இடத்தை எடுத்துக்கிறாரு, பதிலுக்கு எதையும் விட்டுட்டுப் போறதில்லை. அவரைக் குத்தம் சொல்லலை. 3,000 ரூபாய்க்கு அவர் அதைத்தான் ஒப்புக்கிட்டாரு. அதுக்கு மேல நாமளும் கேட்கலை.

நமக்கு, அதாவது இன்ஜினியரிங் காலேஜ்ல உட்கார்ந்து இதை வாசிக்கிற நமக்கு, இன்னொரு கணக்கும் தெரியும். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம். தமிழ்நாட்டு அரசு வேலையில 3 சதவீதம். இதுக்கெல்லாம் ஊர்த் திருவிழாக் கோப்பை செல்லாது, அங்கீகாரம் இருக்கிற போட்டிச் சான்றிதழ் வேணும். அப்படீன்னா ஊர்ப் போட்டியால ஒரு பிளஸ் டூ பையனுக்கு என்ன லாபம்? ஆடின நிமிஷம் மட்டும்தான். நாளைக்கு மாவட்டத் தேர்வுக்குப் போறப்போ கால் நடுங்காம நிக்கிறதுக்கு அந்த நிமிஷங்கள்தான் முதலீடு. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல ஆசிய இளையோர் போட்டியில இந்தியாவோட ரெண்டு கபடி அணியும் தங்கம் வாங்கிச்சு. பெண்கள் அணியில சென்னை கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில வடுவூர் அபினேஷ். ரெண்டு பேரும் எங்கயோ ஒரு சின்னக் களத்துல முதல் தடவை கோட்டுக்குள்ள இறக்கி விடப்பட்டவங்கதான். இறக்கி விட ஒருத்தருக்கு மனசு இருந்திருக்கு. முதல் நாளே அவங்க ஜெயிச்சிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.

கேப்டன் அண்ணனோட கவலை அப்பவும் மிச்சம் இருக்கு. தோத்துக்கிட்டே இருக்கிற டீமுக்கு யாரு வருவா? இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லை. அரைப் பதில் இருக்கு: ஓப்பன் போட்டிக்குப் போய் அடி வாங்குறதுக்குப் பதிலா, 55 கிலோ, 60 கிலோன்னு எடைப் பிரிவு வைக்கிற போட்டிக்குப் போகலாம். அங்க எதிரணியிலயும் நம்ம பயலுக மாதிரிதான் நிப்பானுங்க. வெளியூர் ஆள் வேணும்னா ஒருத்தர், அதுவும் ஒரு வாரம் முன்னாடி வந்து பயலுகளோட பயிற்சி எடுக்கிறவர். மூணு பேருக்குக் கொடுத்த 9,000 அந்த ஒருத்தருக்குத் தாராளமாப் போதும், தங்க எங்க வீட்டுத் திண்ணை இருக்கு.

போன வாரம் டீம் வாட்ஸ்அப் குரூப்ல கேப்டன் அண்ணன் ஒரு நோட்டீஸ் போட்டாரு. தேர் முடிஞ்ச அடுத்த வாரம் பக்கத்து ஊர்ல போட்டி. 'ரெண்டு பேரு பேசி வச்சிருக்கேன், ஆளுக்கு 500 போட்டு விடுங்க.' நான் மேலே எழுதின அரைப் பதிலைச் சுருக்கி அதுக்குக் கீழே அனுப்பினேன். மூணு பயலுக கட்டை விரல் காட்டினானுங்க. அண்ணன் பார்த்துட்டாரு, ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் வரலை. அன்னைக்கு ராத்திரி போன் பண்ணினாரு. கோபத்துல இல்லை, சலிப்புல. "நீ காலேஜ்ல உட்கார்ந்துக்கிட்டு எழுதுற. ரெண்டு மேட்ச் தோத்தா இங்க ஊர்ல பேச்சு வாங்குறது நான்டா." உண்மைதான். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவரே, "சரி, நோட்டீஸ்ல 60 கிலோ பிரிவும் இருக்கு. பயலுக ஏழு பேர் தேறுனா அதுக்குத் தனியா பேர் கொடுக்கிறேன். ஏழு பேரு நீ சேர்த்துக் கொடு"ன்னாரு.

அஞ்சு பேர் சேர்ந்துட்டானுங்க. ஆறாவதா ஒருத்தன் அவங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்னான். நேத்து ராத்திரி, அசைன்மென்ட் எழுதிக்கிட்டு இருந்தப்போ, ரெண்டு வருஷமா குரூப்ல ஒரு எழுத்துகூடப் போடாத நம்பர்ல இருந்து எனக்குத் தனியா ஒரு மெசேஜ்.

'அண்ணே, 62 இருக்கேன். எடை பார்க்கிறது என்னைக்கு?'